கணினிக் கருவின் காவலும் அதன் சோதனையும்

காவலன் விழித்திருக்கின்றானா என்பதை அறிய விரும்பிய அரசர், மாறுவேடம் பூண்டு நள்ளிரவில் நகர்சோதனைக்குச் சென்றனர் என்னும் கதைகள் பல வழங்குகின்றன. அக்கதைகளின் உட்பொருள் நுட்பமானது. கள்வன் வாராத இரவில் காவலன் விழித்திருப்பினும் உறங்கினும் ஊரார்க்கு வேற்றுமை புலப்படுவதில்லை. பல்லாண்டுகளாகக் களவு நிகழவில்லை என்பதைக் கொண்டு காவல் செம்மையாக உள்ளதெனத் துணிவதும் பிழையாகும். கள்வன் வாராமையினாலும் களவு நிகழாதிருக்கலாமன்றோ? எனவே காவலின் மெய்ம்மையை அறிதற்கு ஒரு வழியே எஞ்சுகின்றது. அரசன் தானே கள்வனாகி மதிலேறிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வுண்மை இக்காலக் கணினிப் பொறியியலுக்கும் முற்றும் பொருந்துவதாகும். பணிசெயல் முறைமையின் கருப்பகுதியில் அமைக்கப்பட்டுள்ள இடையக வழிவுத் தடுப்புகளே அதற்குச் சிறந்த சான்று. அத்தடுப்புகள் யாவை, அவை உண்மையிற் செயற்படுகின்றனவா என்பதை அறிஞர் எவ்வாறு சோதிக்கின்றனர், அச்சோதனைகளே பிழைபடும் இடங்கள் யாவை என்பவற்றை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவும் அதன் பொறுப்பும்

கணினி ஒன்றில் ஒரே வேளையிற் பல செய்நிரல்கள் இயங்குகின்றன. கடிதம் எழுத உதவுவது ஒன்று. படம் காட்டுவது ஒன்று. தொலைவிலுள்ள கணினியோடு செய்தி பரிமாறுவது மற்றொன்று. இவை அனைத்திற்கும் நினைவகத்தைப் பங்கிட்டும், மையச் செயலியின் நேரத்தை வகுத்தளித்தும், ஒன்று மற்றொன்றின் எல்லையிற் புகாதவாறு தடுத்தும் ஆளுகின்ற தலைமைத் தொகுதியே பணிசெயல் முறைமை. அதன் உள்ளே, வன்பொருளை நேரே ஆளும் அதிகாரம் முழுவதையும் தன்னகத்தே கொண்ட பகுதி கெர்னல் எனப்படும். அதனைக் கரு என வழங்கலாம்.

சாதாரணச் செய்நிரல் ஒன்று பிழைபட்டால் அது தானே மடியும். ஏனையவை தொடர்ந்து இயங்கும். கரு பிழைபட்டாலோ கணினி முழுவதும் வீழும். அதனினும் கொடியது, அப்பிழையைக் கயவன் ஒருவன் தன்வயப்படுத்திக்கொள்வது. அந்நிலையில் வங்கிக் கணக்கும், நோயாளரின் குறிப்பும், தனிமனிதனின் அந்தரங்கக் கடிதமும் ஒருங்கே அவன் கைப்படும். ஏனெனில் கருவுக்கு மேல் நின்று கருவைத் தடுக்கும் அதிகாரி அக்கணினியில் வேறு எவருமிலர்.

பின்லாந்து நாட்டில் மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டிற் தொடக்கிய லினக்ஸ் என்னும் கரு, இன்று அன்ரொயிட் கைப்பேசிகளிலும் இணையத்தைத் தாங்கும் எண்ணற்ற கணினிகளிலும் இயங்குகின்றது. அதன் மூலநிரல் யாவரும் படிக்குமாறு வெளியிடப்பட்டிருப்பதால், அதிற் காவல்கள் அமைந்த வரலாற்றையும், அவை பிழைத்த வரலாற்றையும் ஐயமின்றி ஆராய முடிகின்றது. ஆதலின் அக்கருவே இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது.

இடையக வழிவு

நினைவகம் என்பது தொடரிலக்கமிட்ட சிறு அறைகளின் நீண்ட வரிசையாகும். ஓர் அறை ஒரு பைற்று. வெளியிலிருந்து வரும் தரவைத் தற்காலிகமாக ஏற்றுவைப்பதற்குச் செய்நிரல் ஒதுக்கிக்கொள்ளும் அறைத்தொடர் பஃபர் அல்லது இடையகம் எனப்படும். ஒரு கொத்து அரிசி கொள்ளும் பாத்திரத்தில் இரண்டு கொத்து அரிசியைக் கொட்டினால் மிகுதி நிலத்திற் சிந்தும்; அதனால் வருவது சிறு நட்டமே. நினைவகத்திலோ சிந்துதற்கு வெறுநிலம் இல்லை. அடுத்த அறையில் வேறொரு பொருள் குடியிருக்கும். மிகுந்த தரவு அப்பொருளை அழித்து அதனிடத்தில் தான் அமர்ந்துகொள்ளும். இதுவே இடையக வழிவு.

லினக்ஸ் கருவின் பெரும்பகுதி சி என்னும் மொழியில் எழுதப்பட்டுள்ளது. 1970களின் தொடக்கத்திற் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி ஆக்கிய அம்மொழி, விரைவைப் பெரிதாக மதித்தது; இடையகத்தின் எல்லையைச் சரிபார்க்கும் பொறுப்பை எழுதுவோனிடமே விட்டுவிட்டது. எழுதுவோன் மறந்தால் மொழி நினைவூட்டுவதில்லை.

இவ்வழிவு பெருந்தீங்காய் முடிவது அடுக்கு எனப்படும் நினைவகப் பகுதியிலாகும். செய்நிரலின் ஒரு பகுதி, துணைச் செய்நிரல் ஒன்றை அழைக்கும்போது, வேலை முடிந்தபின் எவ்விடத்திற்குத் திரும்புவது என்னும் முகவரி அடுக்கில் எழுதிவைக்கப்படுகின்றது. அத்துணைச் செய்நிரலுக்குரிய இடையகங்களும் அதே அடுக்கில், அம்முகவரிக்கு அண்மையிலேயே அமைகின்றன. இடையகம் வழிந்து திரும்பு முகவரியை மாற்றிவிடுமாயின், செயலி தான் புறப்பட்ட இடத்திற்குத் திரும்பாது, தரவை அனுப்பியவன் குறித்த இடத்திற்குச் செல்லும். வழிதவறிய பயணியைப் போலன்றி, வழிமாற்றப்பட்ட பயணியைப் போல அது நடக்கும்.

இவ்வபாயம் புதிதன்று. ஐக்கிய அமெரிக்க வான்படைக்காக ஜேம்ஸ் அன்டர்சன் 1972ஆம் ஆண்டில் எழுதிய அறிக்கையிலேயே இது சுட்டப்பட்டிருந்தது. எனினும் 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் மொறிஸ் புழு இணையத்திற் பரவிய பின்னரே உலகம் அதனை உணர்ந்தது. அக்காலக் கணினிகளில் இயங்கிய பிங்கர் என்னும் சேவை, 512 பைற்று கொள்ளும் இடையகத்தில், வரும் தரவின் நீளத்தை நோக்காது வாசித்துக்கொண்டிருந்தது. புழு அதற்கு 536 பைற்றுகளை அனுப்பியது. மிகுந்த 24 பைற்றுகளே பல கணினிகளின் வாயிலைத் திறக்கப் போதுமாயின.

கனேரிக் காவல்

நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுவாயு தோன்றுவதை மனிதர் தம் புலன்களால் அறிய முடியாது. 1890களில் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் என்னும் அறிஞர், அவ்வாயுவால் விரைவிற் பாதிக்கப்படும் சிறு உயிர்களைச் சுரங்கத்துக்குள் எடுத்துச் செல்லலாமெனக் கூறினார். அவ்வாறு பயன்பட்ட கனேரிக் குருவி சோர்ந்து வீழ்வதைக் கண்டதும் தொழிலாளர் வெளியேறுவர். பிரித்தானியச் சுரங்கங்களில் இவ்வழக்கம் 1980கள் வரை நிலவியது.

அக்குருவியின் பெயரையே கணினி அறிஞர் தம் காவலுக்கும் இட்டனர். கிறிஸ்பின் கோவனும் அவருடன் பணியாற்றியோரும் 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட ஸ்ராக்கார்ட் என்னும் முறையில், துணைச் செய்நிரல் தொடங்கும்போது இடையகத்துக்கும் திரும்பு முகவரிக்கும் நடுவே எழுமாறான ஓர் எண் எழுதப்படுகின்றது. அவ்வெண்ணே கனேரி. வேலை முடிந்து திரும்புவதற்குமுன் அவ்வெண் மாறாதிருக்கின்றதா என்று பார்க்கப்படும். இடையகம் வழிந்து திரும்பு முகவரியை அடைய வேண்டுமாயின் இடையிலுள்ள கனேரியை அழித்தே செல்ல வேண்டும். கனேரி மாறியிருப்பின் கரு அபாயக்குரல் எழுப்பித் தன் இயக்கத்தை நிறுத்திக்கொள்ளும். கயவன் கையில் வீழ்வதினும் இயங்காது நிற்பது மேல் என்பதே இதன் கொள்கை.

மனிதர் எழுதும் மொழியைப் பொறியின் மொழியாக மாற்றுகின்ற தொகுப்பானே இக்காவற் கட்டளைகளைத் தானாகச் சேர்க்கின்றது. எழுதுவோன் அவற்றைக் காண்பதில்லை. இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது. கண்ணாற் காணாத காவல் உண்மையில் அங்கே உள்ளதென்பதற்குச் சான்று யாது? சுரங்கத்துக் கூண்டில் உயிருள்ள குருவி இருக்கின்றதா, பஞ்சடைத்த பொம்மை இருக்கின்றதா என்பதை நல்ல காற்றுள்ள வேளையில் எவரும் ஆராய்வதில்லை.

மூன்று வினாக்கள்

காவலைச் சோதிப்பவன் மூன்று வினாக்களைத் தனித்தனியே எழுப்புதல் வேண்டும். முதலாவது, காவல் அங்கே இருக்கின்றதா? இரண்டாவது, தீங்கு நேரும்போது அது குரலெழுப்புகின்றதா? மூன்றாவது, தீங்கு நேராதபோது அது வாளாவிருக்கின்றதா? இம்மூன்றனுள் ஒன்றுக்கு விடைகண்டு ஏனையவற்றையும் அறிந்ததாகக் கொள்வோர் பலர்.

முதல் வினாவுக்கு விடைகாணும் முறை எளிது. லினக்ஸ் கருவை ஆக்கும்போது, 200 பைற்று இடையகம் ஒன்றை மட்டும் கொண்ட மிகச் சிறிய செய்நிரல் ஒன்று தொகுப்பானிடம் கொடுக்கப்பட்டு, அது தரும் பொறிமொழியிற் கனேரிக் கட்டளை காணப்படுகின்றதா எனத் தேடும் முறை பல ஆண்டுகள் கையாளப்பட்டது. கட்டளை காணப்படாவிடின் அத்தொகுப்பான் நம்பத்தக்கதன்று எனத் தள்ளப்படும். ஆனால் கட்டளை இருத்தல் வேறு, அது செம்மையாகச் செயற்படுதல் வேறு. வாயிலிற் பூட்டுத் தொங்குவதைக் கண்டவன், அது பூட்டப்பட்டிருப்பதைக் கண்டவனாகான்.

2008ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் இதனை நன்கு விளக்கும். அவ்வாண்டில் லினக்ஸ் கருவின் கனேரிக் காவலிற் குறைகள் கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டன. அவற்றுள் இரண்டு ஈண்டு நோக்கத்தக்கன.

கருவில் இயங்கும் ஒவ்வொரு பணிக்கும் தனித்தனிக் கனேரி எண் உண்டு. ஒரு பணி மற்றொரு பணியிலிருந்து பிறக்கும்போது அவ்வெண் எழுமாறாக வழங்கப்படுகின்றது. ஆனால் கணினி தொடங்கும்போது முதற் செயலியில் தோன்றும் பணி எதனிலிருந்தும் பிறந்ததன்று; அது தொடக்கத்திலேயே உள்ளது. பிறக்கும் வேளையில் எண் வழங்கும் ஏற்பாடு பிறவாத பணியை எங்ஙனம் சென்றடையும்? அதன் கனேரி வெறும் சுழியமாகவே இருந்தது. எழுத்துகளால் இடையகத்தை வழியச் செய்து பார்க்கும் சோதனையில் இக்குறை புலப்படாது. சுழியம் எழுத்தாக மாறியதும் காவல் குரலெழுப்பிவிடும். சுழியங்களாலேயே வழியச் செய்பவனை மட்டும் அது கண்டுகொள்ளாது. எனவே 'குரலெழுப்புகின்றதா' என்னும் வினாவோடு, 'எதிரியால் ஊகிக்க முடியாததாக உள்ளதா' என்னும் வினாவும் சேர்த்தே கேட்கத்தக்கது.

மற்றைய குறை இதற்கு எதிரானது. ஒரு பணியிலிருந்து மறு பணிக்குச் செயலி மாறும்போது, அதனைச் செய்யும் துணைச் செய்நிரலுக்கும் கனேரிக் காவல் இடப்பட்டிருந்தால், உள்ளே நுழையும்போது பழைய பணியின் எண் எழுதப்படும். நடுவிலே நடப்புக் கனேரி புதிய பணியின் எண்ணாக மாற்றப்படும். வெளியேறும்போது இரண்டும் ஒவ்வாமையாற் கரு தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். எல்லாத் துணைச் செய்நிரல்களுக்கும் காவல் இடுமாறு கட்டளையிட்டால் இந்நிலை நேர்ந்தது. இங்கே கள்வன் எவனுமில்லை. வாயிற்காவலன் தன் தலைவனையே கள்வனெனப் பிடித்தான். பொய்க்குரல் எழுப்பும் காவலை மக்கள் வெறுத்து நீக்கிவிடுவர் ஆதலின், இதுவும் சிறு குறையன்று.

சோதனையே தவறிய கதை

இவ்வநுபவத்தின் பயனாக, கரு தொடங்கும்போதே தன் காவலைத் தானே சோதித்துக்கொள்ளும் ஏற்பாடொன்றை அர்யன் வான் டெ வென் அவ்வாண்டிலேயே எழுதினார். துணைச் செய்நிரல் ஒன்று தன் இடையகத்தை வேண்டுமென்றே வழியச் செய்யும். அபாயக்குரல் எழுப்பும் பகுதி, 'இது சோதனை' என்பதை அறிந்து, கருவை நிறுத்தாது, குரல் எழுந்ததைக் குறித்துக்கொண்டு திரும்பும். குறிப்பு இல்லையாயின் காவல் செயற்படவில்லை என்பது தெளிவாகும்.

திட்டம் அழகியதே. ஆயினும் அதில் ஒரு நுண்பிழை ஒளிந்திருந்தது. அபாயக்குரல் எழுப்பும் பகுதி ஒருபோதும் திரும்பி வாராது என்பது தொகுப்பான் கொண்ட நம்பிக்கை. ஆதலின் அப்பகுதியை அழைக்கும் கட்டளைக்கு அப்பால் எதனையும் எழுதவேண்டிய தேவை அதற்கில்லை. சோதனைக்காக அப்பகுதி திரும்பி வந்தபோது, நிற்பதற்கு அங்கே நிலமில்லை. செயலி அடுத்திருக்கும் தொடர்பற்ற துணைச் செய்நிரலினுள் விழக்கூடும். காவல் செம்மையாக இருக்கும்போதே சோதனை கணினியை வீழ்த்தும் என்பது பெறப்பட்டது. அச்சோதனை பின்னர் நீக்கப்பட்டது.

இதிலிருந்து பெறும் பாடம் ஆழமானது. உயிர்போகும் தீங்குக்கென அமைந்த காவலை, உயிர்போகாதவாறு மென்மையாகச் சோதிக்க முயன்றால், சோதிக்கப்படுவது வேறொன்றாகிவிடும். உண்மையான காவலைச் சோதிக்க வேண்டுமாயின் வீழ்ச்சியையும் உண்மையாகவே ஏற்றல் வேண்டும்.

வீழ்வதே வெற்றி

அவ்வாறு வீழ்ச்சியை ஏற்று அமைந்ததே எல்.கே.டி.ரி.எம். எனச் சுருக்கமாக வழங்கும் சோதனைக் கூறு. கரு வீழும்போது அதன் நினைவகத்தைப் படியெடுக்கும் கருவிகளைச் சோதிப்பதற்காக 2006ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் அதனை ஆக்கினர். காவல்களைச் சோதிக்கும் களமாக அதனைப் பிற்காலத்தில் விரிவாக்கியோருள் கீஸ் குக் குறிப்பிடத்தக்கவர். சோதிப்போன் ஒரு குறித்த கோப்பில் ஒரு சொல்லை எழுதுவான். கரு அச்சொல்லுக்குரிய தீங்கைத் தனக்குத் தானே இழைத்துக்கொள்ளும்.

'அடுக்கைச் சிதை' என்னும் பொருளுடைய சொல்லை எழுதினால், 8 பைற்று கொள்ளும் இடையகமொன்றில் 64 பைற்றுகள் எழுதப்படுகின்றன. காவல் உயிரோடிருப்பின், அடுக்குச் சிதைந்தது என்னும் செய்தியை வெளியிட்டுக் கணினி நின்றுவிடும். நில்லாது தொடர்ந்து இயங்கினாற் காவல் தவறியது என்பது பொருள். ஏனைய சோதனைகளில் இயக்கம் நிற்பது தோல்வி. இங்கே அதுவே தேர்ச்சி. கருவோடு வழங்கப்படும் சோதனைப் பட்டியலில், தேறினாற் கணினி முழுவதும் வீழும் என்னும் குறிப்புடன் இச்சோதனை தானாக இயங்காதவாறு ஒதுக்கிவைக்கப்பட்டுள்ளது. ஆதலின் இதனைச் செய்வோர், கணினிக்குள் கணினியாக மென்பொருளால் ஆக்கப்படும் போலிக் கணினியொன்றில் இதனை நிகழ்த்தி, அதன் இறுதிச் செய்தியை வெளியிலிருந்து பதிவு செய்வர்.

வீழ்ச்சியைக் கண்டதும் மகிழ்ந்துவிடுதலும் தகாது. காவல் இல்லாதபோதும், திரும்பு முகவரி சிதைந்தமையாற் கணினி வேறு வகையில் வீழக்கூடும். எனவே வீழ்ந்ததா என்பதன்று வினா. யாது கூறி வீழ்ந்தது என்பதே வினா. அடுக்குச் சிதைவைக் குறிக்கும் செய்தி பதிவிற் காணப்பட்டாலன்றித் தேர்ச்சி கூறலாகாது. காவலை நீக்கி ஆக்கிய கருவிலும் அதே சோதனையை நிகழ்த்தி, அச்செய்தி அங்கே தோன்றாமையையும் காண்பது மேலும் உறுதி தரும். ஆய்வுகூட மாணவர் கட்டுப்பாட்டுப் பரிசோதனை என அறிவது இதுவே.

8 என்னும் எண்ணுக்கும் காரணமுண்டு. தொகுப்பானின் பழைய முறை, 8 பைற்றுக்குக் குறையாத எழுத்து அணிகளை உடைய துணைச் செய்நிரல்களுக்கு மட்டுமே கனேரியை இட்டது. கூகிள் நிறுவனத்தார் ஆக்கிய வலிய முறை, எவ்வகை அணியாயினும், முகவரி எடுக்கப்பட்ட மாறியாயினும் காவல் இட்டது. 2014ஆம் ஆண்டில் லினக்ஸ் 3.14 இம்முறையை ஏற்றது. அப்போது எடுத்த கணக்கின்படி, வழக்கமான அமைப்பில் ஆக்கிய கருவின் 36,110 துணைச் செய்நிரல்களுள், பழைய முறையாற் காக்கப்பட்டவை 1,015; வலிய முறையாற் காக்கப்பட்டவை 7,401. முன்னது நூற்றுக்கு மூன்றையும் எட்டாதது. பழைய முறை மட்டும் உள்ள கருவும் மேற்கூறிய சோதனையிற் பழுதின்றித் தேறும் என்பதை நோக்குக. ஆதலாலே, வலிய முறை மட்டுமே காக்கக்கூடிய, எழுத்தணியல்லாத இடையகம் ஒன்றைச் சிதைக்கும் இரண்டாம் சோதனையும் அமைக்கப்பட்டது. பணிகளின் கனேரி எண்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றனவா என்பதைக் காட்டும் சோதனையும் பின்னர்ச் சேர்க்கப்பட்டது.

தொகுப்பானை ஏமாற்றுதல்

இத்தகைய சோதனை எழுதுவோர்க்கு நேரும் விந்தையான இடர் ஒன்றுண்டு. இக்காலத் தொகுப்பான்கள் கூர்மதி படைத்தவை. ஓர் இடையகத்தில் எழுதப்படும் தரவு பின்னர் எங்கும் பயன்படவில்லை எனக் கண்டால், அவ்வெழுத்தையே வீண்வேலை என நீக்கிவிடும். அப்போது வழிவு நிகழாது, காவலும் குரலெழுப்பாது, சோதிப்போன் காவல் செத்ததெனத் தவறாகத் துணிவான். வேறு சில இடங்களில் வழிவை முன்னரே கண்டு, செய்நிரலை ஆக்கவே மறுத்துவிடும். ஆதலாற் சோதனை எழுதுவோர், இடையகத்தின் முகவரியை வேறொரு துணைச் செய்நிரலுக்கு அனுப்பியும், அளவைத் தொகுப்பான் முன்கூட்டி அறியாதவாறு மறைத்தும், தம் குற்றத்தை அதன் கண்ணிற்படாமற் செய்கின்றனர். நகர்சோதனைக்குச் சென்ற அரசன் காவலனுக்கு மட்டுமன்றி அமைச்சனுக்கும் தன்னை மறைக்க வேண்டியிருந்தது எனலாம்.

பல காவல்கள், பல சோதனைகள்

கனேரி ஒன்றே போதுமான காவலன்று. துணைச் செய்நிரல் திரும்பும் வேளையிலேயே அது நோக்கப்படுகின்றது. அதற்குமுன் நிகழும் தீங்கை அது தடுப்பதில்லை. அடுக்குக்கு வெளியே நிகழும் வழிவையும் அது அறியாது. எனவே வேறு காவல்களும் படிப்படியாக அமைந்தன. 2015ஆம் ஆண்டில் லினக்ஸ் 4.0 உடன் வந்த கேசான், நினைவகத்தின் ஒவ்வோர் 8 பைற்றுக்கும் 1 பைற்று நிழற்குறிப்பு வைத்துத் தவறான தொடுகையைக் கண்டறிகின்றது. அதன் செலவு மிகுதியாதலின் பெரும்பாலும் ஆய்வுக்கே பயன்படுகின்றது. 2016ஆம் ஆண்டில் 4.8, கருவுக்கும் பயனர் செய்நிரலுக்கும் இடையே படியெடுக்கப்படும் தரவின் எல்லையைச் சரிபார்க்கும் காவலைத் தந்தது. அவ்வாண்டிலேயே 4.9, அடுக்கின் எல்லையிலே தொட்டால் உடனே பிடிபடும் வெற்றுப் பக்கத்தை அமைத்தது. 2017ஆம் ஆண்டில் 4.13, படியெடுக்கும் துணைச் செய்நிரல்களே இடையகத்தின் அளவை நோக்கும் காவலைத் தந்தது.

ஒவ்வொரு காவலுக்கும் தனிச் சோதனை வேண்டும். இறுதியாகக் கூறிய காவலிற்கூட, முழுப்பொருளின் எல்லையைக் கடக்கும் வழிவு வேறு. ஒரு பொருளின் உள்ளுறுப்பு ஒன்றிலிருந்து அடுத்த உறுப்புக்குள் வழிதல் வேறு. பெட்டிக்கு வெளியே சிந்துவதைக் காண்பவன், பெட்டியினுள்ளே ஓர் அறையிலிருந்து மறு அறைக்குச் சிந்துவதைக் காணாதிருக்கலாம். ஆதலின் முழுமைக்கும் உறுப்புக்கும் வெவ்வேறு சோதனைகள் எல்.கே.டி.ரி.எம்.மில் இடம்பெற்றுள்ளன.

2023ஆம் ஆண்டு தந்த எச்சரிக்கை

இத்துணைச் சோதனைகளுக்குப் பின்னரும் ஐயத்துக்கு இடமுண்டு என்பதை 2023ஆம் ஆண்டு உணர்த்தியது. ஆர்ம் 64 பிற்றுச் செயலிகளுக்காக ஜி.சி.சி. என்னும் தொகுப்பான் ஆக்கும் பொறிமொழியில், கனேரிக் காவலுக்குப் பெருங்குறை ஒன்று உண்டென அவ்வாண்டு செப்டெம்பரில் வெளியாயிற்று. அளவு முன்னரே நிலையாகக் குறிக்கப்பட்ட இடையகங்கள் முறைப்படி காக்கப்பட்டன. இயங்கும்போது அளவு தீர்மானிக்கப்படும் இடையகங்களோ காக்கப்படவில்லை. அச்செயலியின் அடுக்கிலே திரும்பு முகவரி அவ்விடையகங்களுக்கு அடுத்து அமைய, கனேரி அதற்கு அப்பால் எழுதப்பட்டிருந்தது. கள்வன் பொருளை எடுத்துக்கொண்ட பின்னரே காவலனைச் சந்திக்கும் அமைப்பு அது.

8 பைற்று நிலையளவுடைய இடையகத்தைக் கொண்டு எத்தனை முறை சோதித்தாலும் இக்குறை வெளிப்படாது. சோதனை பொய் கூறவில்லை. கேட்ட வினாவுக்கு மட்டுமே விடை கூறியது. லினக்ஸ் கருவைப் பொறுத்தவரை, அளவு மாறும் அணிகள் 2018ஆம் ஆண்டின் 4.20 அளவில் முற்றும் களையப்பட்டிருந்தமை நற்பேறாயிற்று. அவை களையப்பட்டது வேறு காரணங்களுக்காக ஆயினும், குற்றத்துக்குரிய பொருளையே வீட்டிலிருந்து அகற்றிவிடுதல் அதற்குக் காவலிடுவதினும் மேலானது என்பது இதனாற் பெறப்படும். 2022ஆம் ஆண்டில் 6.1 கருவில் றஸ்ட் என்னும் மொழிக்கு இடமளிக்கப்பட்டதும் இந்நோக்குடனேயாம். அணியின் எல்லையை அம்மொழி தானே சரிபார்க்கின்றது. எனினும் முன்னரே சி மொழியில் எழுதப்பட்டுள்ள பெருந்தொகையான வரிகள் நீங்கும்வரை பழைய காவல்களும் அவற்றின் சோதனைகளும் இன்றியமையாதன.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குங்கால் ஒரு கருத்துத் தெளிவாகின்றது. காவல் ஒன்றை அமைத்துவிட்டோம் என்னும் நம்பிக்கை, காவல் இல்லை என்னும் அறிவினும் அபாயகரமானது. இல்லையென அறிந்தவன் எச்சரிக்கையோடு நடப்பான். உண்டெனத் தவறாக நம்பியவன் கதவைத் திறந்துவைத்து உறங்குவான். ஆதலாற் காவலை ஆக்குவோர், அக்காவல் தடுக்கவேண்டிய குற்றத்தையும் தாமே இழைத்துப் பார்க்கக் கடமைப்பட்டவராவர். அதனைத் தொகுப்பான் மாறுந்தோறும், செயலி மாறுந்தோறும், இடையகத்தின் வடிவம் மாறுந்தோறும் மீண்டும் செய்தல் வேண்டும். நேற்றுத் தேறியது இன்றும் தேறும் என்பதற்கு உறுதியில்லை.

அக்குற்றத்தை இழைக்கும் கருவியும் குற்றத்துக்கு உதவும் கருவியே என்பதை மறத்தலாகாது. எல்.கே.டி.ரி.எம். போன்ற சோதனைக் கூறுகள் ஆய்வுக்கெனத் தனித்துவைத்த கணினியிலே இருக்கத்தக்கன. மக்கள் நாளும் பயன்படுத்தும் கணினியில் அவற்றை விட்டுவைத்தல், மதிலேறிப் பார்த்த அரசன் ஏணியை அங்கேயே மறந்து வருவதனை ஒக்கும். சோதனை முடிந்ததும் ஏணியை எடுத்து வருதலும் அரசன் கடமையே.